பாத் நகரத்து ரோமானியக் குளியல் கூடம்: போகும் முன்பும் போய்வந்த பின்பும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வரும் உறவினர்கள், இங்கே படிக்க வரும் பிள்ளைகள், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோர் என்று பலரும் பாத் நகரத்தைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். போய்வந்தவர்களில் நிறைய பேர் அந்தப் பச்சைக் குளத்தைப் படமெடுத்துவிட்டு, ஊற்றையும் சாபத் தகடுகளையும் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பாத் எங்கே இருக்கு? அங்கே அப்படி என்ன விசேஷம்?

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய நகரம் பாத். நகரத்தின் நடுவே பூமியிலிருந்து வெந்நீர் தானாகப் பொங்கி வருகிறது. ரோமர்கள் பிரிட்டனைப் பிடித்த சில பத்தாண்டுகளிலேயே, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, இந்த ஊற்றைச் சுற்றி ஒரு கோயிலும் பெரிய குளியல் கூடமும் கட்டினார்கள். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் அக்குவே சுலிஸ், சுலிஸ் தேவியின் நீர்நிலை.

1987-இல் நகரம் முழுவதும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 2021-இல் ஐரோப்பாவின் பெரிய வெந்நீர் ஊற்று நகரங்கள் என்ற பட்டியலில் இரண்டாவது தடவையாகவும் இடம் கிடைத்தது.

லண்டன்ல இருந்து காலையில போய் ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா?

தாராளமாக. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பாத் ஸ்பா நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் வாசலுக்குப் போய்விடலாம். பாத் அபே தேவாலயத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்தில்தான் நுழைவாயில் இருக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தையும் பாத்தையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்றுலாக்கள் உண்டு. நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. பாத்தில் இறக்கிவிட்டு அரக்கப்பரக்கக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அந்த நேரத்துக்குள் பார்த்து முடிகிற இடம் இல்லை இது.

டிக்கெட் முன்னாடியே எடுக்கணுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. வார நாட்களில் கட்டணம் குறைவு. வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் கூடும். நுழையும் நேரத்தைத்தான் குறித்துத் தருவார்கள். உள்ளே போய்விட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் மூடியிருக்கும்.

சாவகாசமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பலகைகளைப் படித்துப் பார்ப்பவராக இருந்தால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம்.

துண்டு, மாத்துத் துணி எல்லாம் எடுத்துட்டுப் போகணுமா?

வேண்டாம், அங்கே குளிக்க முடியாது. கையைக்கூட நீரில் விடக் கூடாது என்று அங்கங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கல் பாழாகிவிடும் என்பதற்காக மட்டும் போட்ட விதி இல்லை அது.

1978-இல் இந்த ஊற்றுநீர் நிரப்பிய குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். காரணம், வெதுவெதுப்பான நீரில் வளரும் நெக்லேரியா ஃபவ்லெரி என்ற அமீபா. நீர் மூக்குக்குள் ஏறும்போது அது மூளைக்குப் போய்விடும். கேரளத்தில் குளங்களில் குளித்த பிள்ளைகளுக்கு வந்ததாகச் செய்திகளில் படிக்கிறோமே, அதே நோய்தான். அதன் பிறகு பாத் நகரத்தில் பொதுக் குளியல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. இன்றும் அந்தப் பெரிய குளத்து நீர் சுத்திகரிக்கப்படுவதில்லை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்போ அந்த ஊர்த் தண்ணியில குளிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. ஊற்றின் மேற்பரப்பு நீரை விட்டுவிட்டு, ஆழத்திலிருந்தே சுத்தமான நீரை எடுக்க 1980-களின் தொடக்கத்தில் புதிதாக ஆழ்துளைக் குழாய்கள் இறக்கினார்கள். அந்த நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் தெர்மே பாத் ஸ்பா 2006-இல் திறந்தது. ரோமானியக் கூடத்திலிருந்து சில நிமிட நடைதான். மொட்டை மாடியில் ஒரு குளம் இருக்கிறது. குளிர்காலத்து மாலையில் ஆவி பறக்கும் அந்த நீரில் நின்றுகொண்டு ஊரைப் பார்ப்பது அருமையாக இருக்கும். 16 வயது ஆகாதவர்களை அங்கே அனுமதிப்பதில்லை. நீச்சல் உடை கட்டாயம் வேண்டும். இதற்குக் கட்டணம் தனி. பலர் ஒரே டிக்கெட் என்று நினைத்து ஏமாந்து வருகிறார்கள்.

தண்ணி ஏன் பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருக்கு? சுத்தம் பண்ணவே மாட்டாங்களா?

அது பாசிதான். ஊற்றிலிருந்து வரும்போது நீர் தெளிவாகவே இருக்கிறது. திறந்தவெளியில் வெயில் படுவதால், வெதுவெதுப்பான நீரில் பாசி நன்றாக வளர்கிறது.

ரோமர் காலத்தில் இது பச்சையாக இருந்திருக்காது. அப்போது குளத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் உயரத்தில் வளைவுக் கூரை இருந்தது. எடை குறைய வேண்டும் என்பதற்காக, உள்ளே கூடாக இருக்கும் பெட்டி ஓடுகளை அடுக்கி அந்த வளைவைக் கட்டியிருந்தார்கள். விழுந்த கூரையின் ஒரு துண்டைக் குளத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று, தலைக்கு மேலே வானத்துக்குப் பதிலாக அந்தக் கூரை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். விளக்கு வெளிச்சம், ஆவி, எதிரொலிக்கும் பேச்சுக் குரல்கள் என்று அது வேறு இடமாகவே இருந்திருக்கும்.

கீழே எரிமலை இருக்கா? தண்ணி குமிழ் விடுதே, கொதிக்குதா?

எரிமலை எதுவும் இல்லை. தெற்கே மெண்டிப் மலைகளில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குகிறது. 2,700 மீட்டரிலிருந்து 4,300 மீட்டர் ஆழம் வரை அது போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆழத்தில் பாறையே சூடாக இருப்பதால் நீரும் சூடாகிவிடுகிறது. பிறகு அழுத்தத்தால் பாறைப் பிளவுகள் வழியாக மேலே ஏறி நகரத்தின் நடுவில் வெளியே வருகிறது. இன்று நீங்கள் பார்ப்பது பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பெய்த மழை.

வெளியே வரும்போது வெப்பம் சுமார் 46 டிகிரி செல்சியஸ். ஒரு நாளுக்குச் சுமார் 11,70,000 லிட்டர் வருகிறது. குமிழ்கள் கொதிப்பதால் வருபவை இல்லை. பூமிக்கடியில் நீரோடு கலந்த வாயுக்கள் மேலே வந்ததும் வெளியேறுகின்றன, அவ்வளவுதான். சுவர்களில் தெரியும் செம்மஞ்சள் கறை, நீரில் கரைந்திருக்கும் இரும்பினால் வந்தது.

பார்க்கிறதெல்லாம் நிஜமாவே ரோமர் கட்டினதா? சிலபேர் பாதி போலின்னு சொல்றாங்களே?

போலி இல்லை. ஆனால் எல்லாமே ரோமர் கட்டியதும் இல்லை. பெரிய குளத்தின் ஓரத்தில் நின்று தூண்களைப் பாருங்கள். அடிப்பீடமும் அதை ஒட்டிய கீழ்ப்பகுதியும்தான் ரோமர் காலத்தவை. அதற்கு மேலே தெரியும் தூண்கள், மேல்தளம், சிலைகள் எல்லாம் விக்டோரியா காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியவை. மேல்தளத்தில் நிற்கும் ஜூலியஸ் சீசர், ஹாட்ரியன் முதலிய சிலைகள் 1894-இல் செதுக்கியவை. நுழைந்ததும் முதலில் மேல்தளத்துக்குத்தான் வருவீர்கள். அங்கே எடுக்கும் படத்தில் ரோமர் பங்கு கீழே மட்டும்தான்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, கண்ணைக் கீழே வையுங்கள் என்பதுதான். கீழே இறங்கினால் நீங்கள் மிதிக்கும் கல் பாவிய தளம் ரோமர் போட்டது. தேய்ந்து குழிந்திருக்கும் இடங்களில் எத்தனையோ ஆயிரம் பேர் ஈரக்காலோடு நடந்திருக்கிறார்கள். குளத்துக்குள் நாலு பக்கமும் இறங்கும் படிகளும் அவர்கள் போட்டவை. நீர் கசியாமல் இருக்க குளத்தின் அடியில் 45 காரீயத் தகடுகளைப் பதித்தார்கள். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன, இன்னும் நீரைத் தாங்குகின்றன. பச்சை நீருக்கு அடியில் மறைந்திருப்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அந்தத் தகடுகள்தான்.

இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி மண்ணுக்குள்ள போச்சு?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமர் ஆட்சி பிரிட்டனில் முடிந்தது. பராமரிக்க ஆள் இல்லாமல் வடிகால் அடைத்துக்கொண்டது. ஊற்று நிற்கவில்லை, ஆற்று வெள்ளமும் வந்தது. சேறு ஏறியது, கூரை விழுந்தது, அதன் மேல் ஊர் வளர்ந்தது. ரோமர் கால மட்டம் இன்றைய தெருவுக்குப் பல மீட்டர் கீழே இருப்பது இதனால்தான்.

வெந்நீரை ஜனங்கள் விட்டுவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் அதே ஊற்றின் மேலேயே ராஜாவின் குளம் என்று ஒன்றைக் கட்டிக் குளித்தார்கள். அடியில் ரோமர் தொட்டி இருப்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1727-இல் தெருவில் சாக்கடை தோண்டியவர்கள், ரோமர் வணங்கிய மினர்வா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலையைக் கண்டெடுத்தார்கள். 1790-இல் பம்ப் ரூம் என்ற மண்டபத்துக்கு அடித்தளம் போடும்போது கோயில் முகப்பின் சிற்பங்கள் கிடைத்தன. பெரிய குளம் வெளிவந்தது 1880-ஐ ஒட்டித்தான், நகரப் பொறியாளர் மேஜர் சார்லஸ் டேவிஸ் நீர்க்கசிவு ஒன்றைத் தேடித் தோண்டியபோது. பொதுமக்களுக்குத் திறந்தது 1897-இல்.

இது குளிக்கிற இடமா, கோயிலா?

இரண்டும்தான், பிரித்துப் பார்க்க முடியாது. ரோமர் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் இந்த ஊற்றில் சுலிஸ் என்ற தேவியை வணங்கி வந்தார்கள். ரோமர் அவளை ஒழிக்கவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்து சுலிஸ் மினர்வா என்று கோயில் கட்டினார்கள். ஊற்று கோயில் முற்றத்தின் ஒரு மூலையில், குளியல் கூடம் அதன் மறுபக்கம். குளிக்க வந்தவர் ஜன்னல் வழியாகப் புனித ஊற்றைப் பார்த்துக் கும்பிடலாம்.

கோயில் முகப்பின் நடுவில் ஒரு முகம் இருக்கும். பாம்புகள் நெளியும் தலைமுடி, முறைக்கும் கண்கள், நடுவே அடர்ந்த மீசை. கிரேக்கக் கதைகளில் வரும் கோர்கன் பெண். இங்கே ஆண் முகமாக இருக்கிறது. உள்ளூர்ச் சிற்பி தங்கள் தெய்வத்தையும் ரோமர் கதையையும் ஒரே கல்லில் கலந்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள், கடல் தெய்வம் என்று வேறு சிலர். எனக்கு முதலாவது விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. சேர்த்து வைத்த தேவிக்குச் சேர்த்துச் செய்த முகம்.

சாபத் தகடுன்னு ஏதோ இருக்காமே, அது என்ன?

இதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். திருட்டுக் கொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கச் சொல்லி தேவிக்கு எழுதிய மனுக்கள் இவை. காரீயம் கலந்த மெல்லிய தகட்டில் கீறி எழுதி, சுருட்டி அல்லது மடித்து ஊற்றில் போட்டுவிடுவார்கள். 1979, 1980-இல் தொல்லியலாளர் பாரி கன்லிஃப் தலைமையில் ஊற்றைத் தோண்டியபோது பெரும்பாலானவை கிடைத்தன. மொத்தம் சுமார் 130. கூடவே 12,000-க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்கள்.

டோசிலியானுஸ் என்பவருக்குத் தலைமூடியோடு கூடிய மேலாடை தொலைந்துபோயிற்று. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, அந்த ஆடையைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும் வரை தூக்கமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம், சாவே வரட்டும் என்று கேட்கிறார். டோசிமேடிஸ் என்பவருக்குப் போனது இரண்டு கையுறை. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார். அன்னியானுஸ் என்பவர் பணப்பையிலிருந்து போன ஆறு வெள்ளிக்காசுக்காக எழுதும்போது, திருடியவர் பழைய மதத்தவரோ கிறிஸ்தவரோ என்று சேர்த்துக்கொள்கிறார். கிறிஸ்தவம் அந்த ஊருக்கு வந்துவிட்டது என்பதை ஒரு திருட்டுப் புகாரிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

பேரரசர்களின் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட மனிதர்கள் வரமாட்டார்கள். குளிக்கும்போது துணியைக் கழற்றி வைத்த இடத்தில் பறிகொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன சாதாரண ஆட்கள் இவர்கள். சில தகடுகளில் எழுத்தைத் தலைகீழாக, வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் பிரிட்டன் பட்டியலில் இவை சேர்ந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக் கசங்கிய தகடுகளாகத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பைப் பொறுமையாகப் படியுங்கள்.

வெந்நீர் ஊற்று இருக்கும்போது, கீழே அடுக்கி வச்ச செங்கல் அடுப்பெல்லாம் எதுக்கு?

நல்ல கேள்வி, கவனித்துப் பார்த்தவர்கள் மட்டும் கேட்பது. கிழக்கு, மேற்குப் பகுதிகளில் சின்னச் சின்ன செங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேலேதான் தரை இருந்தது. பக்கத்து அறையில் விறகு எரித்து, சூடான காற்றைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுச் சுவருக்குள் ஏற்றினார்கள்.

ரோமருக்குக் குளியல் என்றால் நீரில் இறங்குவது மட்டும் இல்லை. வெதுவெதுப்பான அறை, வியர்க்க வைக்கும் சூடான அறை, பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முழுக்கு என்று வரிசை உண்டு. உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகக் கத்தி போன்ற ஒன்றால் அழுக்கோடு சேர்த்து வழித்தெடுப்பார்கள். ஊற்று நீர் முங்கிக் கிடக்க உதவும். ஓர் அறையின் காற்றை வியர்க்கும் அளவுக்குச் சூடாக்க நெருப்புத்தான் வேண்டும். மேற்குப் பகுதியில் இருக்கும் வட்டக் குளம் குளிர்நீர் முழுக்குக்கானது.

ஆணும் பெண்ணும் ஒண்ணாவா குளிச்சாங்க?

காலத்துக்குக் காலம் மாறியது. சேர்ந்து குளிப்பது ரோம உலகில் இருந்திருக்கிறது, அதைப் பேரரசர் ஹாட்ரியன் தடை செய்தார் என்றும் பழைய குறிப்பு சொல்கிறது. பாத் கூடத்தில் இரண்டு பக்கமும் தனித்தனிச் சூடறைகள் பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டிருப்பதால், தனித்தனியே குளிக்க வசதி செய்தார்கள் என்று கருதுகிறார்கள்.

அந்தத் தண்ணியக் குடிக்கலாமா?

குளத்து நீரைக் கூடவே கூடாது, காரணம் மேலே சொன்னேன். குடிப்பதற்கென்று ஆழ்துளைக் குழாயிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீர் தனியாகக் கிடைக்கும், அதைத் தைரியமாகக் குடிக்கலாம். அதில் 43 தாதுக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் உடம்பு சரியில்லாத பணக்காரர்கள் மருந்து என்று இதைக் குவளை குவளையாகக் குடித்தார்கள். பம்ப் ரூம் முகப்பில் 'தண்ணீரே மேலானது' என்று கிரேக்கத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த மண்டபம் உணவகம்.

இவ்வளவு தண்ணியும் கடைசியில எங்க போகுது?

ஏவன் ஆற்றுக்கு. போகும் வழியும் ரோமர் கட்டியதுதான். ஊற்றைச் சுற்றிச் சேற்றில் ஓக் மரக் கட்டைகளை அடித்து, காரீயம் பதித்த கல் தொட்டி கட்டி, வழியும் நீரை ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கல் வடிகாலில் விட்டார்கள். தொட்டியின் அடியில் சேரும் மணலை வெளியேற்ற மதகும் வைத்தார்கள். அந்த வடிகால் இன்றும் வேலை செய்கிறது. அதிலிருந்து செதுக்கிய மோதிரக் கற்கள் முப்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

செந்நிறக் கறை படிந்த வளைவுக்குள் ஆவியோடு நீர் சரிந்து ஓடுவதைப் பார்க்கும் இடம் ஒன்று வழியில் இருக்கிறது. தயவுசெய்து அங்கே நில்லுங்கள். இப்போது பக்கத்து பாத் அபே தேவாலயத்தின் தரையைச் சூடாக்கவும் இந்த வடிகால் நீரின் வெப்பத்தைத்தான் எடுக்கிறார்கள்.

வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம். லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலியிலும் பெரும்பகுதியைப் பார்க்கலாம். குளத்தைச் சுற்றியுள்ள பழைய கல்தளம் மேடுபள்ளமாக, மழை நாளில் வழுக்கலாக இருக்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடச் சொல்லுங்கள். ஒலி வழிகாட்டிக் கருவி கட்டணத்திலேயே சேர்ந்தது, குழந்தைகளுக்குத் தனி விளக்கம் உண்டு. தமிழில் இல்லை. ஆங்கிலம் வேகமாகப் புரியாத பெற்றோருக்கு நீங்கள்தான் சொல்லிக் காட்ட வேண்டும். மேலே இருக்கும் சாபக் கதைகளைச் சொல்லிப் பாருங்கள், அவர்களே அடுத்து என்ன என்று கேட்பார்கள்.

எந்த மாசத்துல போனா நல்லா இருக்கும்?

கோடைப் பகலைத் தவிர எப்போது போனாலும் நல்லது. குளிர்காலத்துக் காலையில் கூட்டம் குறைவு, நீரிலிருந்து ஆவி எழுவது நன்றாகத் தெரியும். கோடையில்தான் போக முடியும் என்றால் மாலையில் போங்கள். அந்தப் பருவத்தில் இருட்டும் வரை திறந்திருக்கும் நாட்களில் குளத்தைச் சுற்றித் தீப்பந்தம் ஏற்றுவார்கள்.

எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதை விடக் கூடாது?

மேல்தளத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கிவிடுங்கள். கோயில் முகப்பு, மினர்வாவின் தலை, சாபத் தகடுகள், இந்த மூன்றுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். அடுத்து வடிகால். பிறகு பெரிய குளத்தின் ஓரத்துக் கல்தளத்தில் ஒரு சுற்று. நேரம் மிஞ்சினால் செங்கல் தூண்கள். கடையையும் பம்ப் ரூம் தேநீரையும் விட்டுவிடலாம்.